மைசூரிலிருந்து மேப்பாடிக்குச் சைக்கிளில்

மைசூருக்கு வரும் நம் உறவினர்கள் முதல் நாள் அரண்மனையைப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் சாமுண்டி மலைக்குப் போவார்கள். மூன்றாம் நாள் பட்டுப் புடவையும் மைசூர்ப்பாகும் வாங்கிக்கொண்டு ரயிலேறுவார்கள். நகரின் தெற்கு முனையிலிருந்து நஞ்சன்கூட்டை நோக்கிப் புறப்படும் சாலையை, ஊட்டிக்குப் போகும் வழி என்ற அளவிலேயே அவர்கள் அறிவார்கள். அந்தச் சாலை குண்டுலுபேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர் வழியே நீலகிரிக்குச் செல்கிறது. வலப்புறம் திரும்பும் மற்றொரு கிளை காட்டைக் கடந்து கேரளத்தின் வயநாட்டுக்குள் புகுகிறது. 2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 18, 19 ஆகிய இரு நாட்களில், நம் சங்கத்தைச் சேர்ந்த எழுவர் அந்த வலப்புறக் கிளையில் மேப்பாடி வரை சைக்கிளில் சென்றோம். அதைப் பற்றி எழுதுமாறு பத்திரிகைக் குழுவினர் கேட்டுக்கொண்டதால், எழுவரில் மூத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஒரே நாளில் இரண்டு செய்திகள்

2024 ஜூலை 30, செவ்வாய்க்கிழமை. அன்று மாலை தஞ்சையிலிருந்து என் தமக்கை தொலைபேசியில் அழைத்தாள். "மேட்டூர் நிரம்பிவிட்டதாம், தம்பி! 120 அடி!" என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த மகிழ்ச்சியை என்னால் எழுத்தில் கொண்டுவர இயலாது. முந்திய ஆண்டு நீரின்றிக் கருகிய பயிரைப் பார்த்தவள் அவள். அவள் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில் என் வீட்டுத் தொலைக்காட்சியில் சூரல்மலையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்தபடியே அவளுக்கு, "நல்லது அக்கா" என்று பதில் சொன்னேன்.

வயநாடு மாவட்டத்தில் மேப்பாடிக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர்கள் புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகியவை. 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை அப்பகுதியில் பெய்தது. அன்று நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு மேல், ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவு ஒன்று பிளந்தது. மண்ணும் பாறையும் மரங்களும் நீரோடு கலந்து, ஆற்றின் வழியே எட்டுக் கிலோமீட்டர் தூரம் இறங்கி ஓடின. மக்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரம். 250 பேருக்கு மேல் மாண்டனர். பலருடைய உடல்கள் சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்டு, நிலம்பூர்ப் பக்கத்தில் கரை ஒதுங்கின. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ய வந்த தமிழர்களும், நம் பக்கத்துச் சாமராஜநகர், மண்டியா மாவட்டத்துக் கன்னடியர்களும் மாண்டவர்களில் உண்டு.

மலையின் மேற்குச் சரிவில் பெய்த மழை சாலியாற்றில் சேர்ந்து அரபிக் கடலுக்குப் போகிறது. அதே மழை கல்பற்றாப் பக்கத்தில் பெய்தால் பனமரம் ஆற்றில் சேர்ந்து கபினியாகிறது. கபினி நஞ்சன்கூட்டைத் தொட்டு, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலந்து, மேட்டூருக்குப் போகிறது. அங்கே மலையைப் பிளந்த அந்தப் பருவமழையே இங்கே என் தமக்கையின் வயலுக்கு நீரானது. இந்த எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. நன்மையைப் பெற்றுக்கொண்டவர்கள் தீமையடைந்தவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

சைக்கிள் எதற்கு?

முதல் இரண்டு மாதங்களில் நம் சங்கமும் மற்றவர்களைப் போலத் துணியும் அரிசியும் திரட்டி அனுப்பியது. பிறகு, எல்லா இடங்களிலும் நடப்பதுபோல, பேச்சு ஓய்ந்தது. நவம்பர்க் கூட்டத்தில் மீண்டும் நிதி திரட்ட வேண்டும் என்று சொன்னபோது, "ஏற்கெனவே கொடுத்தாயிற்றே" என்பதே பலருடைய பதிலாக இருந்தது. அப்போதுதான் கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் இந்தச் சைக்கிள் யோசனையைச் சொன்னார்.

முறை எளியது. சைக்கிளில் செல்பவர் தம் நண்பர்களையும் அண்டை வீட்டாரையும் அணுகி, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குறுதி பெறுகிறார். ஐந்து ரூபாய் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், 150 கிலோமீட்டருக்கு 750 ரூபாய். ஓட்டி முடித்த பின்னரே பணம் வாங்க வேண்டும். மேலைநாடுகளில் இது பழகிப்போன அறவழி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980ஆம் ஆண்டு 36 பேர் இவ்வாறு புற்றுநோய் மருத்துவத்துக்காகச் சைக்கிளோட்டி 10,200 டாலர் திரட்டினார்கள். அந்த ஓட்டம் பின்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்ளும் பெருவிழாவாக வளர்ந்தது. மைசூரும் சைக்கிளுக்கு அந்நியமான ஊரன்று. 2017இல் 450 வண்டிகளோடு பொதுச் சைக்கிள் திட்டத்தை இந்நகரம் தொடங்கியது. 2008 முதல் நடைபெற்றுவரும் நீலகிரிச் சுற்றுப் பயணத்தின் சைக்கிள்காரர்களையும் நம் தெருக்களில் பார்த்திருக்கிறோம்.

எனினும் குழுவில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி நியாயமானது. "பணத்தை வங்கியில் கட்டினால் ஒரு நிமிஷத்தில் போய்ச் சேரும். அதற்கு எதற்காக இரண்டு நாள் மிதிக்க வேண்டும்?" என்றார். அப்போது எங்களால் சரியான விடை சொல்ல முடியவில்லை. இளைஞர் மட்டும், 2018ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்தின்போது விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி செய்ததை நினைவூட்டினார். சைக்கிள் வாங்குவதற்காக நான்கு ஆண்டுகளாக உண்டியலில் சேர்த்த 8,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை அவள் வெள்ள நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டாள். செய்தி அறிந்த சைக்கிள் கம்பெனி அவளுக்கு ஒரு வண்டி அளித்தது. "அந்தக் குழந்தை சைக்கிளையே கொடுத்தாள், ஐயா. நாம் சைக்கிளை ஓட்டவாவது செய்யலாமே" என்றார் இளைஞர். பெரியவர் சிரித்துவிட்டுத் தம் பெயரில் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் எழுதச் சொன்னார்.

நஞ்சன்கூடும் குண்டுலுபேட்டையும்

பொங்கல் கழிந்த சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். மைசூரில் ஜனவரிக் குளிர் கைவிரல்களை விறைக்கச் செய்யும். எழுவரில் நால்வரிடம் கியர் வைத்த புது வண்டிகள். என்னுடையது, ரயில்வே பணிமனைக்கு நான் வேலைக்குப் போன காலத்து வண்டி. மேட்டில் ஏறும்போது அதன் செயின் என்னைவிட அதிகமாக முனகும். பின்னால் ஒரு சிறு வேன் வந்தது. அதில் தண்ணீரும், இட்லியும், காற்றடிக்கும் பம்பும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும் இருந்தன.

ஏறத்தாழ 24 கிலோமீட்டரில் நஞ்சன்கூடு. கபினிப் பாலத்தில் இறங்கி நின்றோம். கதிரவன் எழும் நேரம். ஸ்ரீகண்டேசுவரர் கோயில் கோபுரம் பனியில் பாதி மறைந்திருந்தது. கீழே ஆறு மெலிந்து, துணி துவைப்பவர்களின் கற்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. 2024 ஜூலையில் இதே ஆறு பெருகிக் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தது என்பதை நம்புவதே கடினமாயிருந்தது. "நாம் இந்த ஆற்றின் தலைமாட்டுக்குப் போகிறோம்" என்று இளைஞரிடம் சொன்னேன். அவர் இதே மைசூரில் பிறந்து வளர்ந்தவர். ஆயினும் கபினி வயநாட்டில் பிறக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

நஞ்சன்கூடு ரசவாழைப்பழத்துக்குப் பெயர்போனது. வாடல் நோயால் அது அருகிப்போய், இப்போது கிடைப்பதே அரிது. சாலையோரப் பழக் கடையில் சாதாரண வாழைப்பழம் கேட்டோம். எங்கே போகிறீர்கள் என்று கடைக்காரர் கன்னடத்தில் வினவினார். சொன்னோம். பழத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். தமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கூலி வேலைக்கு வயநாடு போனதென்றும், அவர்களில் யாரும் திரும்பவில்லையென்றும் தணிந்த குரலில் சொன்னார். அதன் பிறகு சிறிது தூரம் எங்களில் யாரும் பேசவில்லை.

குண்டுலுபேட்டை மைசூரிலிருந்து 60 கிலோமீட்டர். மழைக்காலத்தில் இந்த வழியில் வந்தால் சூரியகாந்தி வயல்கள் கண்ணைப் பறிக்கும். ஜனவரியில் பெரும்பாலும் வெறும் செம்மண் நிலம்; இடையிடையே வாழையும் காய்கறியும். வலப்புறம் திரும்பியதும் தொலைவில் மலைகள் நீலக்கோடாகத் தெரியத் தொடங்கின.

காட்டில் ஓட்டாத தூரம்

மத்தூர்ச் சோதனைச் சாவடியில் காடு தொடங்குகிறது. அங்கிருந்து மூலேஹொளே வழியாக முத்தங்கா வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சாலை, பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தின் ஊடாகவும் வயநாட்டுச் சரணாலயத்தின் ஊடாகவும் செல்கிறது. வனவிலங்குகளின் நன்மைக்காக இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை வாகனப் போக்குவரத்து 2009 முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. பகலிலும் யானைகள் சாலையைக் கடக்கும் இடம் அது. ஆகவே அந்தத் தூரத்தில் சைக்கிளோட்டுவதில்லை என்று புறப்படும் முன்பே தீர்மானித்திருந்தோம். வண்டிகளை வேனின் மேல் கட்டிவிட்டு உள்ளே ஏறிக்கொண்டோம்.

எங்கள் பொருளாளர் வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். வேன் நகர்ந்ததும் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, "150இல் 25 போக 125" என்று எழுதினார். இளைஞருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் தம் வகுப்பு மாணவர் நாற்பது பேரிடம் வாக்குறுதி வாங்கியிருந்தார். ஒவ்வொருவரிடமும் 25 கிலோமீட்டர் குறைந்தால் மொத்தத்தில் ஒரு பெருந்தொகை குறைந்துபோகும்.

"ஐயா, நாம் போகிற காரியம் நல்ல காரியம். கொடுப்பவர்கள் கணக்குப் பார்க்கவா போகிறார்கள்? 150 என்றே எழுதிக்கொள்ளலாமே" என்றார்.

"அவர்கள் பார்க்கமாட்டார்கள் என்பதற்காகத்தான் நாம் பார்க்க வேண்டும், தம்பி" என்றார் பொருளாளர்.

"குறையும் பணம் நம்முடையதன்றே? வீடிழந்தவர்களுடையதல்லவா?" என்று இளைஞர் விடவில்லை.

எனக்கு இருவர் பக்கமும் நியாயம் தோன்றியது. இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஓட்டியது 125 என்று உள்ளபடி எல்லாருக்கும் தெரிவிப்பது. அதற்குமேல் கொடுப்பதும் கொடாததும் அவரவர் விருப்பம். வேனின் கண்ணாடி வழியே மான்கள் தலை நிமிர்த்தி எங்களைப் பார்த்தன. சற்றுத் தள்ளி மூங்கில் புதரருகே ஒரு கொம்பன் யானை, மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. ஓட்டாமல் வந்ததைப் பற்றி அதன் பிறகு யாரும் வருந்தவில்லை.

முத்தங்காவில் மீண்டும் வண்டியேறி, மாலையில் சுல்தான் பத்தேரியை அடைந்தோம். கணபதிவட்டம் என்ற பழம்பெயர் கொண்ட இவ்வூர், திப்பு சுல்தான் தம் படைக்கலங்களை இங்கே வைத்திருந்ததால் இப்பெயர் பெற்றது என்பர். அன்றிரவு அங்கே தங்கினோம். என் முழங்கால்கள் எனக்கு என் வயதை நினைவூட்டின.

மேப்பாடியில்

வயநாடு, கடல் மட்டத்துக்கு மேல் 700 முதல் 2,100 மீட்டர் வரை உயரமுள்ள மேட்டுநிலம். மீனங்காடி, முட்டில், கல்பற்றா என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் காலம். முற்றங்களில் காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. கல்பற்றாவைத் தாண்டியதும் ஏற்றங்கள் வந்தன. காப்பி மறைந்து தேயிலை தோன்றியது. கத்தரித்த பச்சைக் கம்பளம்போல் அடுத்தடுத்துக் குன்றுகள். அவற்றின் பின்னால் மேகம் சூடிய பெருமலை. பார்க்க அத்தனை சாந்தமான மலைகள்! இவற்றைப் பற்றி எச்சரித்தவர்கள் இருந்தார்கள். 1984இல் முண்டக்கையிலும், 2019 ஆகஸ்டில் பக்கத்திலேயே புத்துமலையிலும் நிலம் சரிந்து உயிர்கள் போயின. 2011இல் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலையின் நொய்ம்மையை எடுத்துரைத்தது. 2024இல் பெய்த பேய்மழை, புவி வெப்பமுற்றதால் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுந்தது என்று அறிவியலறிஞர் கணித்திருக்கிறார்கள்.

நண்பகலுக்குச் சற்று முன் மேப்பாடியை அடைந்தோம். சூரல்மலை இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே ஆற்றின் மேல், பெங்களூரிலிருந்து சென்ற நம் 'மதராஸ் சாப்பர்' படையினர் 190 அடி நீளப் பெய்லி பாலத்தை ஏறத்தாழ 31 மணி நேரத்தில் கட்டி 2024 ஆகஸ்டு 1 அன்று முடித்தார்கள். அதைப் பார்க்க எங்களுக்கும் ஆவல்தான். ஆனால் எங்களை வரவேற்ற உள்ளூர்த் தொண்டர் தயங்கினார். "பார்க்க வருகிறவர்கள் நிரம்ப வருகிறார்கள். நின்று படம் பிடிக்கிறார்கள். வீடிருந்த இடத்தைத் தேடி வருகிறவர்களுக்கு அது பொறுப்பதில்லை" என்றார். நாங்கள் மேப்பாடியோடு நின்றுகொண்டோம்.

உயிர் தப்பியவர்கள் அப்போது மேப்பாடியிலும் சுற்றுப்புறத்திலும் வாடகை வீடுகளில் சிதறியிருந்தார்கள். மாதம் 6,000 ரூபாய் வாடகையை அரசு கொடுத்துவந்தது. தொண்டர் எங்களை ஒரு தமிழ் மூதாட்டியிடம் அழைத்துச் சென்றார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். பாட்டன் காலத்தில் சேலத்துப் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். தோட்டத்துப் 'பாடி'யில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். தங்கையின் குடும்பம் முழுவதையும் அந்த இரவில் இழந்தவர். அவருடைய தமிழில் மலையாளம் கலந்திருந்தது. எங்கள் தமிழில் கன்னடம் கலந்திருப்பதைப் போல.

"மைசூரிலிருந்து சைக்கிளிலா வந்தீங்க? உங்களுக்கு என்ன, பைத்தியமா?" என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்து வீட்டில் டம்ளர்கள் இரவல் வாங்கி, எங்கள் எழுவருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார். பேத்தியைப் பற்றிப் பேசினார். அவள் படித்த வெள்ளார்மலைப் பள்ளி சேற்றில் போயிற்று. 2024 செப்டம்பர் முதல் அப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மேப்பாடிப் பள்ளியில் வகுப்பு நடந்தது. அப்பிள்ளைகளில் சிலர் 2025 ஜனவரி 4 அன்று திருவனந்தபுரத்தில் மாநிலக் கலைவிழாவின் தொடக்கத்தில் நடனமாடினார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத் தெருவே அழுததாம்.

புறப்படும்போது, ஏதேனும் தேவையா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார்.

"அப்போ வந்த துணியெல்லாம் வைக்க இடமில்லே, தம்பி. இப்போ வந்து உக்காந்து பேச ஆளில்லே. மழை மாசம் வரும்போது ஒரு தடவை வாங்க. மழை பெஞ்சா ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது" என்றார்.

நவம்பர்க் கூட்டத்தில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை எனக்கு அங்கேதான் கிடைத்தது. வங்கியில் கட்டிய பணம் ஒரு நிமிஷத்தில் போய்ச் சேரும், அதுவும் வேண்டியதே. ஆனால் ஆறு மாதம் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேநீர் அருந்துவதற்கு யாராவது நேரில் போக வேண்டியிருக்கிறது.

மாலையில் புத்துமலைக்கு வேனில் போனோம். யாரென்று தெரியாத உடல்களையும் உறுப்புகளையும் அடக்கம் செய்த இடம் அது. பல கற்களில் பெயருக்குப் பதிலாக எண்கள் பொறித்திருந்தன. சிலவற்றில் பின்னர் மரபணுச் சோதனையால் கண்டறிந்த பெயர்கள் இருந்தன. சர்வமதப் பிரார்த்தனையோடு அவர்களைப் புதைத்தார்களாம். பொருளாளர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நாங்களும் அப்படியே நின்றோம். யாரும் படம் எடுக்கவில்லை.

கணக்கு

திரும்பியதும் எல்லாருக்கும் 125 கிலோமீட்டர் என்றே தெரிவித்தோம். சிலர் அதற்கு உரிய பணத்தைக் கொடுத்தார்கள். பலர் 150க்கே கொடுத்தார்கள். அக்கிரகாரத்தில் பூக் கட்டி விற்கும் அம்மையார் ஒருவர், "யானைக்கு உங்களைப் பலி கொடுத்தா நான் புண்ணியம் தேடணும்? முழுசா எழுதிக்கோங்க" என்று இளைஞரைக் கடிந்துகொண்டாராம். வகுப்பு மாணவர் நாற்பது பேரிடமும் இளைஞர் காட்டில் வேனில் வந்ததைத் தாமே சொன்னார். சொல்லும்போது முதலில் கூச்சமாக இருந்ததாகவும், பிறகு இல்லையென்றும் என்னிடம் தெரிவித்தார். தொகை முழுவதையும் கேரள முதலமைச்சரின் துயர் நிவாரண நிதிக்குச் செலுத்தினோம். ரசீது சங்க அலுவலகத்தில் இருக்கிறது, உறுப்பினர்கள் பார்க்கலாம்.

நாங்கள் சென்று வந்தபின், 2025 மார்ச் 27 அன்று கல்பற்றாவில் எல்ஸ்டன் தோட்டத்தில் புதுக் குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு சென்ட் நிலம், 1,000 சதுர அடி வீடு என்பது திட்டம். அந்த நிலத்தில் பெய்யும் மழையும் கபினியில்தான் சேரும் என்பதை வரைபடத்தில் பார்த்தபோது மனத்துக்கு ஆறுதலாக இருந்தது.

ஜூன் மாதம் மழை பிடித்தவுடன் நான் அந்த மூதாட்டியைப் பார்க்கச் சென்றேன். மழையில் சைக்கிளுக்கு என் முழங்கால் இணங்கவில்லை, பஸ்ஸில்தான் போனேன். இளைஞரும் வந்தார். இரவல் டம்ளர் தேவைப்படவில்லை. மூதாட்டி புதிதாக ஆறு வாங்கி வைத்திருந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரவு பத்து மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த முறை எங்களோடு வர விரும்பும் அன்பர்கள், சைக்கிள் ஓட்டத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், சங்கக் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.